ஓடத்துக்கு அடியில் இரண்டு கால்கள்

எங்கள் ஏரிக்கரையில் பெருமையடிப்பதில் தெலிமாவை மிஞ்ச ஆள் கிடையாது. வயது பத்துதான். ஆனால் அவள் பிடித்த மீன் ஒவ்வொன்றும் அவள் கை நீளம் இருக்கும். அவள் பார்த்த கரடி எல்லாம் பின்னங்காலில் எழுந்து நின்றே அவளைப் பார்த்திருக்கும். நாங்கள் யாரும் கோபித்துக்கொள்வதில்லை. அவள் சொல்வதில் பாதியைக் கழித்துவிட்டு மீதியைக் கேட்டுக்கொள்வோம்.

போன கோடையில் அவள் சொன்ன ஒரு விஷயத்தில் மட்டும் கழிப்பதற்கு எதுவும் இருக்கவில்லை.

"எங்கப்பா பத்திரிகையில வரப்போறாரு! பெரிய படமா வரப்போறாரு!"

அது உண்மைதான். ஊரே அங்கே நின்று வேடிக்கை பார்த்தது.

விட்லாக் என்ற ஓவியர் நகரத்திலிருந்து வந்திருந்தார். பெரிய பத்திரிகை ஒன்றுக்குப் படம் வரைய வேண்டுமாம். தாத்தாக்கள் காலத்தில் பீவர் என்ற நீர்விலங்கின் தோலையும் சாப்பாட்டு மூட்டைகளையும் ஓடத்தில் ஏற்றிக்கொண்டு ஏரி ஏரியாகப் போனார்களே, அந்தக் காட்சி வேண்டுமாம். "தாத்தாக்கள் காலத்தில்" என்று அவர் சொன்னதும் எங்கள் ஆண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். போன வாரம்கூட அப்படித்தான் போய்விட்டு வந்திருந்தார்கள்.

ஓவியர் ஒரு பெட்டியைத் திறந்தார். உள்ளே சிவப்புத் தொப்பிகளும் வண்ணக் கச்சைகளும் இருந்தன.

"நம்ம தாத்தா இதைப் போட்டுக்கிட்டா காட்டுக்குள்ள போனாரு?" என்று கேட்டார் ஒனேசிம். "மான் எல்லாம் சிரிச்சே செத்திருக்குமே!"

ஆனால் முதலில் தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டதும் அவர்தான். ஒனேசிமுக்குப் பெரிய மீசை. அதைவிடப் பெரிய ஆசை, அந்த மீசையை நாலு பேர் பார்க்க வேண்டும் என்பது.

அருவிக்கரைக்குப் போனோம். அங்கே தண்ணீர் பாறையில் மோதி நுரைத்துக்கொண்டு விழும். ஓடம் போகாது. ஓடத்தையும் மூட்டைகளையும் தோளில் ஏற்றிக்கொண்டு காட்டுக்குள் நடந்து அடுத்த ஏரியில் போய் இறக்க வேண்டும். அந்த வழிக்குத் தூக்குப்பாதை என்று பெயர். ஓவியருக்கு அந்த இடம் மிகவும் பிடித்துப்போயிற்று.

ஒனேசிமும் வேறு இரண்டு பேரும் முதுகில் மூட்டையை ஏற்றி, அதன் தோல்பட்டையை நெற்றியில் மாட்டிக்கொண்டு நின்றார்கள். வெகுநேரம் நிற்க வேண்டியிருக்கும் என்பதால் மூட்டைக்குள் எடையில்லாத காய்ந்த பாசியைத்தான் அடைத்திருந்தார்கள். அதனால்தான் ஒனேசிமால் நிமிர்ந்து நின்று மீசையைக் காட்ட முடிந்தது. நிஜ மூட்டையாக இருந்திருந்தால் அவர் மூக்கு முழங்காலைத் தொட்டிருக்கும்.

நிஜமான சுமை ஒன்றே ஒன்றுதான். அது தெலிமாவின் அப்பா இன்யாஸுடைய ஓடம். அவரே பிர்ச் மரப்பட்டையில் கட்டியது. இன்யாஸ் அதிகம் பேசமாட்டார். அவர் பேச வேண்டியதையும் சேர்த்துத் தெலிமாவே பேசிவிடுவதால் அவருக்கு அவசியமும் இருக்கவில்லை. அன்று அவர் மணிவேலை செய்த சட்டை போட்டிருந்தார். தெலிமாவின் அம்மா அகாத்தா இரண்டு குளிர்காலம் உட்கார்ந்து மணி மணியாகக் கோத்துப் பூவும் இலையும் போட்டுத் தைத்த சட்டை அது.

"நீங்க ஓடத்தைத் தூக்கிக்கிட்டு நடங்க" என்றார் ஓவியர்.

இன்யாஸ் குனிந்தார். ஓடத்தைத் தொடைமேல் ஏற்றினார். ஒரே வீச்சில் தலைக்குமேல் கவிழ்த்துத் தோளில் வாங்கிக்கொண்டு நடந்தார்.

"அருமை! நில்லுங்க! அப்படியே நில்லுங்க!" என்று கத்தினார் ஓவியர்.

யார் நிற்பது? அருவிச் சத்தத்தில், கவிழ்த்த ஓடத்துக்குள் இருப்பவருக்கு இடி விழுந்தாலும் கேட்காது. கேட்டிருந்தாலும் இன்யாஸ் நின்றிருக்கமாட்டார். தோளில் ஏறிய ஓடம் தண்ணீரைத் தொடுகிற வரைக்கும் இறங்கக்கூடாது என்பது எங்கள் ஊர் வழக்கம். நடுவழியில் இறக்கிவைத்தவனை மூன்று தலைமுறைக்குக் கேலி செய்வார்கள்.

ஓவியர் பென்சிலும் தாளுமாகப் பின்னாலேயே ஓடினார். சேற்றில் வழுக்கி விழுந்தார். எழுந்து மறுபடியும் ஓடினார். நாங்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம். ஓவியர் மூச்சு வாங்கத் திரும்பி வந்து, தேநீர் போட்டுக் குடித்து, கெண்டியைக் கழுவியும் வைத்தாயிற்று. அப்புறம்தான் இன்யாஸ் வெறுங்கையோடு வந்தார்.

"எங்க போயிட்டீங்க?" என்று கேட்டார் ஓவியர்.

"அந்தப் பக்கத்து ஏரிக்கு. ஓடத்தைத் தண்ணியில விட்டுட்டுக் காத்துக்கிட்டே இருந்தேன். நீங்கதான் வந்து ஏறல."

ஓவியருக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. அங்கேயே ஒரு பாறையில் உட்கார்ந்துவிட்டார். "பரவாயில்ல. எனக்கு வேண்டியது கிடைச்சிடுச்சு" என்றார்.

வேண்டியது என்றால் அப்பாவின் முகம்தான், வேறென்ன இருக்க முடியும் என்று தெலிமா நினைத்துக்கொண்டாள். அன்றிலிருந்து ஆரம்பித்தது. ஏரிக்கரையில் ஒருவர் விடாமல் சொன்னாள். இலையுதிர்ந்து, நாங்கள் எல்லோரும் குடும்பம் குடும்பமாகப் பொறி வைக்கக் காட்டுக்குப் போனபோது, கேட்க ஆள் இல்லாமல் வீட்டு நாய்களிடம் சொன்னாள்.

"நகரத்துல ஒவ்வொரு வீட்டுலயும் எங்கப்பா முகம்தான் இருக்கும், தெரியுமா?"

நாய்கள் பேசாமல் கேட்டுக்கொண்டன. அகாத்தாதான் அலுத்துக்கொண்டாள். "வாயை மூடிக்கிட்டு விறகை எடுத்துட்டு வாடி. உங்கப்பா முகத்தை நான் தினமும்தான் பாக்கறேன்."

அந்தக் குளிர்காலம் முழுக்க இன்யாஸ் இரண்டு தடவை கண்ணாடி பார்த்துத் தாடியை ஒதுக்கியதைத் தெலிமா கவனித்தாள். அப்பாவுக்கும் ஆசை இருக்கிறது என்று அவளுக்குத் தெரிந்துபோயிற்று.

பனி உருகியது. ஜூன் மாதம் எல்லோரும் தோல் மூட்டைகளோடு ஏரிக்கரைக்குத் திரும்பினோம். தெலிமாவின் குடும்பம்தான் கடைசியாக வந்தது. ஓடம் கரையைத் தொடுவதற்கு முன்பே ஒனேசிமின் மகன் நார்சீஸ் முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டிருந்தான். அவனுக்கும் பத்து வயது. அவன் முகத்தில் இருந்த சிரிப்பு அவ்வளவு நல்ல சிரிப்பாக இல்லை.

"தெலிமா! படம் வந்துடுச்சு! மெக்கே கடையில மாட்டியிருக்காங்க!"

"எங்கப்பா எப்படி இருக்காரு?"

"அழகா இருக்காரு. முட்டியில மட்டும் கொஞ்சம் சேறு" என்றான் நார்சீஸ்.

தெலிமாவுக்குப் புரியவில்லை. "அப்பா, நீங்க மெதுவா மூட்டையை இறக்குங்க, நான் பாத்துட்டு வந்துடறேன்!" என்று கத்திவிட்டு ஓடினாள்.

மெக்கேயின் கடையில் தோலைக் கொடுத்து மாவும் தேயிலையும் வாங்குகிற முகப்பு மேசைக்குப் பின்னால், சுவரில் படம் இருந்தது. பத்திரிகையின் இரண்டு பக்கத்தையும் சேர்த்து விரித்து ஆணியடித்திருந்தார்கள். அருவி, நுரை, காடு எல்லாம் அப்படியே இருந்தன. முன்னால் சிவப்புத் தொப்பியும் மீசையுமாக ஒனேசிம். மீசையில் ஒவ்வொரு முடியும் தெரிந்தது. அவருக்குப் பக்கத்தில் மற்ற இரண்டு பேர். நடுவில் காட்டுக்குள் போகிற ஒரு பெரிய ஓடம், கவிழ்த்தபடி.

ஓடத்துக்கு அடியில் இரண்டு கால்கள்.

அவ்வளவுதான். முகமும் இல்லை, தாடியும் இல்லை, பூப்போட்ட சட்டையும் இல்லை.

"கால் முளைச்ச ஓடம்!" என்று யாரோ கத்தினார்கள். கடைக்குள் இருந்த பிள்ளைகள் எல்லோரும் சிரித்தார்கள்.

"நகரத்துல ஒவ்வொரு வீட்டுலயும் உங்கப்பா முட்டிதான் இருக்காமே, தெலிமா?" என்றான் நார்சீஸ்.

தெலிமாவின் காது சூடாகிவிட்டது. வழக்கமாக அவளிடம் ஒன்று சொன்னால் பத்து திரும்பி வரும். அன்று ஒன்றுகூட வரவில்லை. அவர்கள் தன்னைக் கேலி செய்வது அவளுக்கு அவ்வளவு வலிக்கவில்லை. இன்னும் கொஞ்ச நேரத்தில் அப்பா இந்தக் கதவு வழியாக உள்ளே வருவார். குளிர்காலம் முழுக்கக் காத்திருந்த அப்பா. எல்லோரும் அவர் முகத்துக்கு நேராகச் சிரிப்பார்கள். அதை நினைத்ததும் அழுகை வந்தது.

"அதைக் கழட்டிடுங்களேன்" என்று கடைக்கார மெக்கேயிடம் மெல்லக் கேட்டாள். "இன்னிக்கு ஒரு நாள் மட்டும்."

மெக்கே தலையைச் சொறிந்தார். "எனக்கு ஒண்ணும் இல்லம்மா. நீ வேணும்னா எடுத்துக்கோ. ஆனா ஒனேசிம்கிட்ட நீதான் பதில் சொல்லணும்."

தெலிமா முகப்பைச் சுற்றிக்கொண்டு உள்ளே போனாள். பெட்டி மேல் ஏறி நின்று ஆணியில் கை வைத்தாள். அதே நேரம் ஒனேசிம் உள்ளே வந்தார்.

அவர் தெலிமாவைப் பார்க்கவில்லை. நேராகப் படத்தைத்தான் பார்த்தார். "ஒரு ஊசி குடுங்க" என்றார் மெக்கேயிடம், படத்திலிருந்து கண்ணை எடுக்காமலே.

"நேத்துதானே ஊசி வாங்கினீங்க?"

"அப்போ நூல் குடுங்க."

நூல் வந்தது. ஒனேசிம் அதை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு அங்கேயே நின்றார். மீசையைத் தடவிக்கொண்டார். அப்புறம் முகப்புக்கு இந்தப் பக்கமிருந்தே எட்டி, சட்டைக் கைநுனியால் படத்தின் மேலிருந்த தூசியைத் துடைத்தார். சின்னப் பிள்ளையின் முகத்தைத் துடைக்கிற மாதிரி அவ்வளவு மெதுவாக. அவர் போன பிறகும் நார்சீஸ் வாசலில் நின்று அப்பா போகிற திசையையே பார்த்துக்கொண்டிருந்தான். அவன் நெஞ்சு நிமிர்ந்திருந்தது.

தெலிமா ஆணியிலிருந்து கையை எடுத்துவிட்டாள். அப்பாவை நினைத்துப் பெருமைப்படுவது எப்படி இருக்கும் என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். அதை ஆணியோடு பிடுங்கி எடுக்க அவளுக்கு மனம் வரவில்லை.

ஆனால் அந்தக் கால்களைப் பார்க்கவும் பிடிக்கவில்லை. கட்டைவிரலை எடுத்து அவற்றின் மேல் அழுத்தி மூடினாள்.

மூடியதும் அவள் கண் விரிந்தது.

விரலை எடுத்தாள். மறுபடியும் மூடினாள். மறுபடியும் எடுத்தாள். அழுகை எங்கேயோ போய், அவளுக்குக் 'களுக்'கென்று சிரிப்பு வந்துவிட்டது.

"ஏய் நார்சீஸ்! இங்க வாடா!"

"என்ன, உங்கப்பா முகம் கிடைச்சுடுச்சா?"

"வந்து பாருடா மொதல்ல."

நார்சீஸ் பெட்டி மேல் ஏறினான். தெலிமா கட்டைவிரலை வைத்தாள். "இப்ப என்ன தெரியுது?"

நார்சீஸ் பார்த்தான். இரண்டு கால்களும் மறைந்ததும் அவ்வளவு பெரிய ஓடம், அடியில் ஒன்றுமே இல்லாமல், காட்டு நடுவில் அந்தரத்தில் தொங்கியது.

"ஐயய்யோ! ஓடம் பறக்குது!" என்று கத்தினான்.

பிள்ளைகள் எல்லோரும் முகப்பைத் தாண்டிக் குதித்து வந்துவிட்டார்கள். மெக்கே தடுத்துப் பார்த்தார், முடியவில்லை. ஆளுக்கு ஒரு முறை விரலை வைத்துப் பார்த்தார்கள். விரல் வைத்தால் ஓடம் தொங்கியது. எடுத்தால் ஓடம் நடந்தது. குட்டிப் பையன் ஒருவன் கட்டைவிரல் போதாமல் மூக்கை வைத்துப் பார்த்தான்.

"அந்தக் கால் இல்லேன்னா ஓடம் விழுந்துடும்" என்றான் அவன் கவலையோடு.

"விழுந்தா உடைஞ்சிடும்."

"உடைஞ்சா அந்தப் பக்கம் எப்படிப் போறது? எல்லாரும் அருவிக்கரையிலயே உக்காந்திருக்க வேண்டியதுதான்."

நார்சீஸ் தன் கட்டைவிரலை எடுத்து, மெதுவாகத் தன் அப்பாவின் மேல் வைத்தான். தொப்பியும் மீசையும் மூட்டையும் மறைந்தன. ஓடத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. அது பாட்டுக்கு நடந்துகொண்டிருந்தது.

அவன் முகம் சுருங்கிப்போனது. தெலிமா அதைப் பார்த்துவிட்டாள். கேலியைத் திருப்பிக் கொடுக்க இதைவிட நல்ல நேரம் கிடைக்காது. ஆனால் நாக்கு நுனி வரைக்கும் வந்ததை அவள் விழுங்கிக்கொண்டாள்.

"மக்கு! உங்கப்பா முதுகுல என்னடா இருக்கு?" என்றாள்.

"மூட்டை."

"மூட்டைக்குள்ள?"

நார்சீஸ் யோசித்தான். "மாவு... தேயிலை... கொழுப்பு..."

"அதை நீ மறைச்சிட்டா, அந்தப் பக்கம் போய் எங்கப்பா எதைத் தின்பாரு? ஓடத்தைக் கடிச்சா தின்பாரு?"

நார்சீஸ் விரலை வெடுக்கென்று எடுத்துவிட்டான். அவன் முகத்தில் சிரிப்பு திரும்பி வந்தது. இந்த முறை அது நல்ல சிரிப்பு. மூட்டைக்குள் வெறும் பாசிதான் இருந்தது என்பது தெலிமாவுக்குத் தெரியும். வாழ்க்கையில் முதல் தடவையாக, தெரிந்த ஒன்றை அவள் வெளியே சொல்லவில்லை.

அந்த நேரம் பார்த்து இன்யாஸ் தோள்மூட்டையோடு உள்ளே வந்தார். பின்னால் அகாத்தா. பிள்ளைகள் எல்லோரும் முகப்புக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தார்கள்.

இன்யாஸ் மூட்டையை இறக்கிவைத்துவிட்டுப் படத்துக்கு அருகில் வந்து நின்றார். வெகுநேரம் பார்த்தார்.

"முகம் வரலப்பா" என்றாள் தாழ்ந்த குரலில்.

"ஓடத்துக்கு அடியில முகம் எப்படிம்மா தெரியும்? தெரிஞ்சா அது தப்பான படம்" என்றார் இன்யாஸ். இன்னும் கொஞ்சம் குனிந்து பார்த்தார். "பாரு, ஓடம் எவ்வளவு சமமா இருக்குன்னு. மூக்கு தரையையும் பாக்கல, வானத்தையும் பாக்கல. அந்த மனுஷன் சேத்துல விழுந்து எழுந்தும் இதைச் சரியா பாத்திருக்காரு."

அவர் குரலில் இருந்த சந்தோஷம் தெலிமாவுக்குப் புதியது. அப்பா இவ்வளவு பெருமையாக ஒரு வார்த்தை பேசி அவள் கேட்டதே இல்லை.

அகாத்தாவுக்கு மட்டும் ஆறவில்லை. "ரெண்டு குளிர்காலம் கண்ணு நோக மணி கோத்தேன்! ஊரு உலகமே பாக்கும்னு நெனச்சேன்! என் சட்டை எங்க?"

"உள்ளதான் இருக்கு அகாத்தா. மழை வந்தாலும் நனையாது" என்றார் இன்யாஸ்.

கடையே சிரித்தது. அகாத்தாவும் சிரிப்பை அடக்கப் பார்த்துத் தோற்றுப்போனாள்.

மறுநாள் காலையில் கடையில் ஒரு வெளியூர்க்காரர் நின்றிருந்தார். நில அளவை வேலைக்காகப் போகிறவராம். புகையிலை வாங்கிக்கொண்டே சுவரைப் பார்த்தார். ஊசி வாங்கவோ நூல் வாங்கவோ வந்திருந்த ஒனேசிம் உடனே மீசையைத் தடவிக்கொண்டு வெளிச்சத்தில் வந்து நின்றார்.

"அட, இது நீங்கதானே!" என்றார் வெளியூர்க்காரர்.

"ஆமா ஆமா. நான்தான்" என்றார் ஒனேசிம் மிகுந்த அடக்கத்தோடு.

"நல்லா வந்திருக்கு. அது சரி, இந்த ஓடத்துக்கு அடியில இருக்கறது யாரு?"

தெலிமா அப்போது கடைக்குள்தான் இருந்தாள். இந்தக் கேள்விக்காகவே பிறந்தவள் மாதிரி மூச்சை இழுத்து வாயைத் திறந்தாள்.

"இன்யாஸ் மாமா!" என்று பின்னாலிருந்து ஒரு குரல் முந்திக்கொண்டது. நார்சீஸ் கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு முன்னால் வந்தான். "தெலிமாவோட அப்பா. எங்க ஏரியிலயே அவரை மாதிரி ஓடம் தூக்கறதுக்கு ஆள் கிடையாது. நம்பலயா? விரலைக் குடுங்க."

அவர் கேட்பதற்குள் அவருடைய கட்டைவிரலைப் பிடித்து இழுத்து அந்தக் கால்களின் மேல் வைத்தான். "இப்ப பாருங்க! அவர் இல்லேன்னா ஓடம் என்ன ஆகுதுன்னு பாருங்க!"

வெளியூர்க்காரர் பார்த்தார். "அடேயப்பா!" என்றார்.

தெலிமா திறந்த வாயை மெதுவாக மூடிக்கொண்டாள். பெருமையடிப்பதற்கு அவளுக்கு அன்று வேலையே இருக்கவில்லை.